நிறைவு விகிதம்

நவம்பர் 14, வெள்ளி

இன்று முதல் நான் ஒருங்கிணைப்பாளர். எதை எதோடு ஒருங்கிணைக்க வேண்டும் என்பது முதல்வர் ஜெபமணி மேடத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துறையிலிருந்து வந்த சுற்றறிக்கையில் அப்படி ஒருவர் வேண்டும் என்று போட்டிருக்கிறது. கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்துவிட்டேன். மேடத்தின் கண்ணில் பட்டேன்.

"ஆவுடையப்பன் சாரே பாக்கட்டும். கணக்கு வாத்தியார், நம்பர் எல்லாம் அவருக்குத்தான் வரும்" என்றார்.

செங்கரை சமுதாயக் கல்லூரியில் நான் நடத்துவது தொழிற்கணக்கு. ஏசி மெக்கானிக் படிக்கிறவனுக்குச் சதவீதம், தையல் படிக்கிறவளுக்கு அளவு, டயாலிசிஸ் உதவியாளர் படிக்கிற பெண்களுக்கு மில்லிலிட்டர். எல்லாம் ஓராண்டுப் படிப்பு. பத்தாவதில் தவறியவர்கள், கல்யாணமாகித் திரும்பி வந்தவர்கள், பட்டறையில் எண்ணெய் துடைத்தவர்கள் என்று வருவார்கள். யாரும் எங்களை அளந்ததில்லை. இந்த ஆண்டு அளக்கப் போகிறார்கள். மாவட்டத்தில் உள்ள இரண்டு சமுதாயக் கல்லூரிகளையும், அதாவது எங்களையும் பூவிளாகத்தையும், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மக்கள் பார்வைக்கு வெளியிடுவார்களாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற கல்லூரி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பூவிளாகத்தின் ஒருங்கிணைப்பாளர் பால்துரை. என்னோடு பி.எஸ்சி. படித்தவன். என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கினான். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

நவம்பர் 17, திங்கள்

சுற்றறிக்கையை முழுக்கப் படித்தேன். நூறு மதிப்பெண்ணில் பாதி ஒரே விஷயத்துக்கு: நிறைவு விகிதம். ஜூனில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வரை இருந்து ஏப்ரலில் தேர்வு எழுதுகிறார்கள் என்பது. நடுவில் போனால் இடைநிற்றல். மீதிப் பாதியில் தேர்ச்சி, 'வேலை அல்லது உயர்படிப்பு', பொதுமக்கள் திருப்தி எல்லாம் வருகின்றன.

நியாயமான அளவுகோல்தான். பிள்ளைகள் பாதியில் ஓடுகிற கல்லூரி என்ன கல்லூரி?

நவம்பர் 20, வியாழன்

ஆசிரியர் அறையில் லாலா கடை அல்வா. ஏசி பிரிவு மாணவன் ஒருவனுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், நாளைக்கே போகிறான். எங்கள் கல்லூரியில் இது ஒரு வழக்கம். படித்துக்கொண்டிருக்கும்போதே எவருக்காவது வேலை கிடைத்தால் அல்வா வாங்கி வந்து வைத்துவிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வருடத்தில் எத்தனை தடவை அல்வா வந்தது என்பதை வைத்துத்தான் நல்ல வருடமா மட்டமான வருடமா என்று நாங்கள் பேசிக்கொள்வது. வாழையிலையைப் பிரித்து, அவன் முதுகில் தட்டி, "நல்லா இருடே" என்று சொல்லி, எனக்குச் சர்க்கரை இருப்பதை மறந்து ஒரு வில்லையை வாயில் போட்ட பிறகுதான் உறைத்தது.

இவன் இடைநிற்றல்.

நவம்பர் 21, வெள்ளி

துறையின் இணையதளத்தில் அவனைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். போனதற்குக் காரணம் என்ன என்று கேட்கிறது. திருமணம், நோய், வறுமை, ஆர்வமின்மை என்று நான்கு வழிதான் இருக்கிறது. வேலை கிடைத்தது என்று ஒன்று இல்லை. வேலை கிடைத்தவன் கல்லூரியை விட்டுப் போவான் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் மிகவும் பணிவாக, "இருக்கறதுல எது கிட்ட வருதோ அத போடுங்க சார்" என்றாள்.

ஆர்வமின்மை என்று போட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

பால்துரை கூப்பிட்டான். சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"என்னடே ஆவுட, ஒங்க நிறைவு விகிதம் எப்படிப் போவுது?"

"பரவால்ல. ஒங்களுக்கு?"

"இதுவரைக்கும் நூறு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி என்று கேட்டேன். அவன் சிரித்தான். ஜூனில் வருகிற பிள்ளைகளை அவர்கள் சேர்த்ததாகவே எழுதுவதில்லையாம். "வந்து உக்காந்து படிக்கட்டும். பொங்கல் தாண்டியும் யாரு நிக்காங்களோ, அவங்கள ஜூன் தேதி போட்டுச் சேத்துக்கிடுதோம். ஓடுறவன் ஓடிருவாம்லா. சேராதவன் எப்படிடே இடைநிப்பான்?"

எவ்வளவு பெரிய மோசடி! மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா? சாயங்காலம் வரை பொருமிக்கொண்டே இருந்தேன். நாங்கள் ஜூனிலேயே எல்லாரையும் பதிந்து தொலைத்துவிட்டோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

பொதுமக்கள் திருப்தி ஆய்வு. துறையிலிருந்து வந்த பையன் ஒருவன் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிற புரோட்டா கடையில் உட்கார்ந்து, சாப்பிட வந்தவர்களிடம் ஐந்துக்கு எத்தனை என்று கேட்டான். கடைக்காரர் சுடலைமாடன் ஐந்துக்கு ஒன்று கொடுத்தார். எங்கள் பிள்ளைகள் அவர் கடை வாசலை மறைத்து பைக் நிறுத்துகிறார்களாம். தென்காசி பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார். அவர் இதை ஐ.டி.ஐ. என்று நினைத்திருந்தார்.

ஜனவரி 8, வியாழன்

மேடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். சென்னையில் ஒரு பேச்சு அடிபடுகிறதாம். மாவட்டத்துக்கு ஒரு சமுதாயக் கல்லூரி போதும், மதிப்பெண் குறைந்ததை மற்றதோடு இணைத்துவிடலாம் என்று.

"பூவிளாகத்தோடயா?" என்றேன்.

"உறுதியா தெரியாது சார். பேச்சுதான். ஆனா இனிமே ஒருத்தர்கூட இடைநிக்கக் கூடாது. அல்வா டப்பாவப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

பால்துரைக்குக் கீழே வேலை பார்ப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். கல்லூரியின் எதிர்காலம் பற்றி மிகவும் கவலையாக இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

ஆசிரியர் அறைக்குள் இனிப்பு கொண்டு வரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினேன். உடல்நலம் கருதி என்று காரணம் போட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

டயாலிசிஸ் வகுப்பில் மில்லிலிட்டர் கணக்கு நடத்திவிட்டு வெளியே வரும்போது முப்பிடாதி பின்னாலேயே வந்தாள். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். கணவன் எர்ணாகுளத்தில் வேறு குடும்பம் ஆக்கிக்கொண்டு போய்விட்டான். அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

"சார், எனக்கு வேல கெடைக்கப் போவுது" என்றாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் இடம் காலியாம். பயிற்சிக்கு அங்கே போய் வந்ததில் இவள் கை நிதானத்தை மேனேஜர் காஜா மைதீன் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் வந்து சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டாராம்.

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான இருக்கு?" என்றேன்.

"பரீட்சைய அடுத்த வருசங்கூட எழுதிக்கிடலாம்னு எங்க கிளாஸ் ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னாவ சார். இது போனா வராதுல்லா. எம் பிள்ள கேரளாவுல, புனலூர்ல எங்க அத்த வீட்டுல கெடக்கு. அண்ணன் வீட்டுல அவள வச்சுக்கிட மதினி சம்மதிக்க மாட்டுக்கா. வேல கெடச்சா ஆஸ்பத்திரிப் பக்கமே ஒரு ரூம் எடுத்து, ஜூன்ல அவள இங்கனயே ஒண்ணாப்புல சேத்துருவேன். அத்தயும் அதான் சொல்லுதாவ, நீ கால் ஊனிட்டன்னா கூட்டிட்டுப் போ, இல்லன்னா இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருதேன்னு."

மகள் பெயர் மகாஸ்ரீயாம். கைப்பேசியில் படம் காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிற பிள்ளை.

வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கணக்குப் பார்த்தேன். இதுவரை போனவர்கள் பன்னிரண்டு பேர். முப்பிடாதி பதிமூன்றாவது. மேடத்திடம் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் சார் எதாவது பண்ணணும்" என்றார்.

பிப்ரவரி 7, சனி

டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக்குக் காது ஒடிந்துவிட்டது. அப்படியே ஆஸ்பத்திரி வழியாகப் போனதால் காஜா மைதீன் சாரைப் பார்த்தேன். நல்ல மனிதர். டீ வரவழைத்தார். பொதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் படிப்பை முடிக்காமல் வேலைக்கு வந்துவிடுவது அவர்களுக்கே நல்லதில்லை, கையில் சான்றிதழ் இல்லாவிட்டால் நாளைக்கு வேறு இடத்தில் மதிக்க மாட்டார்கள், ஒரு கல்லூரி என்ற முறையில் எங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது என்று சொன்னேன். இதில் எந்த வார்த்தை பொய்?

யார் பெயரையும் நான் எடுக்கவில்லை. அவராகத்தான், "முப்பிடாதியச் சொல்லுதியளா சார்?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

"அப்ப ஏப்ரல் வரைக்கும் வேண்டாங்கிய?"

"ஏப்ரல் முடியட்டுமே" என்றேன்.

"நீங்க வாத்தியாரு. ஒங்க பேச்சத் தட்ட முடியுமா?" என்றார்.

ஏப்ரல் வரை அந்த இடம் எங்கே போய்விடப் போகிறது? கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது.

பிப்ரவரி 11, புதன்

முப்பிடாதி வகுப்புக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பரீட்சை முடிந்து வரச் சொல்லிவிட்டார்களாம். ஏன் திடீரென்று மாற்றிச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"எங்க கல்லூரிப் பிள்ளைகள் படிப்பை முடிக்கணும்னு அவங்களுக்கும் அக்கறை இருக்கும்மா" என்றேன்.

"அப்படியா சார்?" என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அந்த இடத்துக்கு மதுரையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்துவிட்டாள். நோயாளிகள் ஏப்ரல் வரை காத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. காஜா மைதீன் சார் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஸ்டெல்லா சிஸ்டர் இன்று எனக்கு வணக்கம் சொல்லவில்லை. டயாலிசிஸ் பாடத்தை அவர்தான் நடத்துகிறார், முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். வேலைப்பளு என்று நினைக்கிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

சிஸ்டர் இன்றும் வணக்கம் சொல்லவில்லை. எதிரே வந்தவர் மாடிப்படியில் ஏறிவிட்டார். மாடியில் அவருக்கு வகுப்பு கிடையாது.

மார்ச் 14, சனி

சர்க்கரை பார்க்கப் போனேன். வழக்கம்போல முந்தின இரண்டு நாளும் சோற்றைக் குறைத்து, காலையும் மாலையும் நடந்து, பாகற்காய் சாறு குடித்துவிட்டுப் போனேன். எண் அழகாக வந்தது. ஆனால் இந்தப் புது டாக்டர் மூன்று மாதச் சராசரி காட்டுகிற இன்னொரு சோதனையும் எடுத்துவிட்டார். அது அழகாக இல்லை.

"மெஷினை ஏமாத்தத் தெரியுது, ஒடம்ப ஏமாத்த முடியலையோ?" என்று உலகம்மை டாக்டர் முன்னாலேயே கேட்டாள். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.

மார்ச் 19, வியாழன்

முப்பிடாதி வகுப்பில் மூன்று கணக்கும் தப்பாகப் போட்டாள். தேர்வு பயமாக இருக்கும். தையல் பிரிவில் ஒரு பெண்ணுக்குத் திருப்பூரில் வேலை வந்ததாகக் கேள்விப்பட்டு, அவள் அப்பாவை வரவழைத்துப் பேசினேன். ஏசி பிரிவில் இரண்டு பேருக்கு வேலை தருவதாக இருந்த கடைக்காரரிடமும் பேசினேன். யாரும் போகவில்லை. மேடம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏப்ரல் 24, வெள்ளி

தேர்வு முடிந்தது. சேர்ந்தவர்கள் இருநூற்றைம்பது. எழுதியவர்கள் இருநூற்று முப்பத்தெட்டு. முன்னே போன பன்னிரண்டு பேரைத் தவிர ஒரு ஆள் குறையவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை.

மே 22, வெள்ளி

தேர்வு முடிவு. முப்பிடாதி கல்லூரியிலேயே முதலாவது. கூப்பிட்டுச் சொன்னேன். "சரி சார்" என்றாள். ஆஸ்பத்திரியில் ஏதாவது இடம் இருக்கிறதா என்று நான் கேட்டுப் பார்க்க முடியுமா என்றாள். நான் சொன்னால் கேட்பார்கள் என்று நினைக்கிறாள்.

கேட்பார்கள்தான்.

மே 25, திங்கள்

காஜா மைதீன் சாரிடம் பேசினேன். இப்போதைக்கு இடம் இல்லையாம். வந்தால் சொல்வதாகச் சொன்னார்.

ஜூன் 1, திங்கள்

கேரளாவில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். செய்தியில் காட்டினார்கள். பிள்ளைகள் கையில் பலூன்.

ஜூன் 10, புதன்

'வேலை அல்லது உயர்படிப்பு' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். படிப்பு முடித்து வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் இதில் வர மாட்டார்கள். எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்தபோது கொஞ்சம் பயமாகிவிட்டது. மேடம்தான் வழி சொன்னார். அவர்களைத் திரும்ப இங்கேயே வேறு படிப்பில் சேர்த்துவிட்டால் அது உயர்படிப்பு.

முப்பிடாதியை வரச் சொல்லி, முதியோர் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்துகொள்ளச் சொன்னேன். "வீட்டுல சும்மா இருக்கதுக்கு இது தேவல சார். மதினி மொகத்தப் பாக்காண்டாம்" என்று உடனே கையெழுத்துப் போட்டாள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். புனலூரிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்களாம்.

"நேத்து போன்ல பேசுனா சார். பாதி எனக்கு வெளங்கல" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பிறகு எதற்குச் சிரித்தேன் என்று இருந்தது.

ஜூலை 15, புதன்

செங்கரை 86.4. பூவிளாகம் 79.1.

ஏழு புள்ளி மூன்று! பூவிளாகத்தில் ஜூன் மாத வருகைப் பதிவைக் கேட்டிருக்கிறார்கள், பால்துரையிடம் இல்லை. மேடம் எல்லார் முன்னாலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஸ்டெல்லா சிஸ்டர் விடுப்பில் இருந்தார்.

சாயங்காலம் பால்துரையே கூப்பிட்டு வாழ்த்தினான். "பி.எஸ்சி.க்குப் பழி வாங்கிட்டியேடே" என்றான். இவன் இன்னும் அதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறான் பாருங்கள்.

ஜூலை 17, வெள்ளி

மேடம் சென்னைக்குப் பேசியபோது கல்லூரி இணைப்பு பற்றிக் கேட்டாராம். அப்படி ஒரு யோசனையே இல்லை, யார் கிளப்பிவிட்டது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

இன்று மக்கள் கேட்பு நாள். மதிப்பெண் வாங்கின கல்லூரி பொதுமக்களைக் கூட்டி வைத்து அவர்கள் கேட்கிறதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது திட்டத்தின் கடைசிக் கட்டம். பந்தல் போட்டிருந்தோம். துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். எண்களை நான் படித்தேன். நிறைவு விகிதத்தைச் சொன்னபோது கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் புரோட்டா கடை சுடலைமாடன் எழுந்தார். பைக் விவகாரம்தான் என்று நினைத்தேன்.

"வேலைக்குப் போனது எத்தன பேரு சார்?"

"வேலை அல்லது உயர்படிப்பு, தொண்ணூற்று நான்கு சதவீதம்."

"அதுல வேல எத்தன, படிப்பு எத்தன?"

"அப்படிப் பிரித்து எங்களிடம் கேட்கப்படவில்லை" என்றேன். அதிகாரி தலையாட்டினார். அது உண்மைதான் என்று ஒலிபெருக்கியில் அவரும் சொன்னார். சுடலைமாடன் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு முதல் மதிப்பெண் வாங்கின மாணவி பேச வேண்டும். முப்பிடாதி மேடைக்கு வந்தாள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, "நான் இங்கன டயாலிசிஸ் படிச்சு முடிச்சேன். இப்ப ரெண்டாவதா முதியோர் பராமரிப்பு படிக்கேன். சார்மாரு எல்லாரும் என்னைய நல்லாப் பாத்துக்கிட்டாவ" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஆசிரியர் அறைக்கு வந்தாள். கூடவே மகள். ஓணம் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். முன்பல் முளைத்துவிட்டது. பெயர் என்ன என்று கேட்டேன். அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு மலையாளத்தில் என்னவோ சொன்னாள்.

"நாம பேசுனா வெளங்கிக்கிடுதா சார். பதில்தான் இப்படி வருது. தமிழ் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது" என்றாள் முப்பிடாதி. "ஞாயித்துக்கெழம கொண்டு விட்டுட்டு வரணும்."

அப்போதுதான் காஜா மைதீன் சார் கூப்பிட்டார். என் கைப்பேசியில் காதில் வைத்துக் கேட்கிற வசதி போன மாதமே கெட்டுவிட்டது. யார் பேசினாலும் அறை முழுக்கக் கேட்கும்.

"சார், நல்லாருக்கியளா? நம்ம டயாலிசிஸ்ல ஒரு எடம் வந்துருக்கு. மதுரப் பிள்ள கல்யாணம் முடிஞ்சு போயிட்டு. முப்பிடாதிய எடுக்கலாம்னு இருக்கேன். போன தடவ நீங்க நேர்ல வந்து வேண்டாம்னிய, ஒங்க பேச்சுக்காவத்தான் விட்டேன். அவ இப்ப வேற என்னமோ படிக்காளாம்லா. இந்தத் தடவ எடுத்துக்கிடலாமா சார், இல்ல இதுக்கும் ஏப்ரல் வரைக்கும் பொறுக்கணுமா?"

கிண்டல் இல்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர் இல்லை. மரியாதைக்குக் கேட்டார்.

முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கணம் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதிவிடுகிறேன். இந்த ஆண்டுக் கணக்கில் முதல் இடைநிற்றல் என்று தோன்றியது.

"எடுத்துக்கிடுங்க" என்றேன்.

"திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டாள். நிறைவு விகிதத்துக்குப் பாதி மதிப்பெண் என்பதையும், நடுவில் ஒருவர் போனால் என்ன ஆகும் என்பதையும், பூவிளாகத்தோடு இணைத்துவிடுவார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்ததையும் சொன்னேன். வகுப்பில் நடத்துவதுபோல வரிசையாகத்தான் சொன்னேன். வகுப்பில் கேட்பதுபோலவே அவளும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் போயிருந்தா எவ்வளவு கொறஞ்சிருக்கும் சார்?"

இந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை. ஆட்களை எண்ணினேனே தவிர, ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு தடவைகூட வகுத்துப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு. இருநூற்றைம்பது பேரில் ஒருவர், பூஜ்யம் புள்ளி நான்கு சதவீதம். நிறைவு விகிதத்துக்குப் பாதி மதிப்பெண்தான் என்பதால் அதிலும் பாதி.

"பூஜ்யம் புள்ளி ரெண்டு" என்றேன்.

"அவங்களவிட நாம எவ்வளவு கூட?"

"ஏழு புள்ளி மூணு."

அவள் மனக்கணக்கில் கெட்டிக்காரி. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"அப்ப நான் போயிருந்தாலும் நாமதான சார் ஃபர்ஸ்ட்டு?"

"ஆமா" என்றேன். இவ்வளவு வெட்கமாக நான் எந்தக் கணக்குக்கும் விடை சொன்னதில்லை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிள்ளை என் மேசையில் கிடந்த பொன்னாடையின் சரிகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "வா மோளே" என்று மகளை அவள் மொழியிலேயே கூப்பிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.